இடது பக்கத்துப் பெயர்

"இதுல கேக்குற பக்கம் எது, நன்றி சொல்ற பக்கம் எது?"

சபையின் கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு நின்றிருந்த என்னிடம் பசிலியா அக்கா கேட்டார். கையில் துடைப்பம். வியாழக்கிழமைதோறும் சபையைப் பெருக்குவது அவர்தான்.

"இடது பக்கம் விண்ணப்பம். வலது பக்கம் ஸ்தோத்திரம்."

"எங்க வீட்டுக்காரர் பேரு?"

"வலது பக்கம் அக்கா."

"யாரு மாத்துனது?"

"நான்தான். ஞாயித்துக்கிழமை நீங்க எழுந்து சாட்சி சொன்னீங்களே."

"சொன்னேன்." பலகையைப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. "அதான் நேத்து அவர் பேரை யாரும் கூப்பிடலியா?"

"ஆமா அக்கா."

"ஸ்பானிஷ் படிச்ச, நம்ம மாம் பாஷையும் எழுதப் படிச்ச. ஒரு பொம்பளை மூஞ்சிய மட்டும் படிக்க வரலியே உனக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு ஏற்கெனவே பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினார்.

அந்த வருடம் உறைபனியில் உருளைக்கிழங்குச் செடிகள் கறுத்துப்போயின. அக்காவின் கணவர் எவாரிஸ்தோ வேலை தேடி, எல்லை தாண்டி வடக்கே போகக் கிளம்பினார். எல்லையோர ஊரிலிருந்து ஒரு முறை பேசினார்: நாளை நடக்கத் தொடங்குகிறோம். அதற்குப் பின் பேச்சு இல்லை. பதினொரு நாள் கழித்து, வெளியூரிலிருந்து ஜெபிக்க வந்த ஒரு சகோதரி அக்காவின் தலையில் கைவைத்து, "அவர் எல்லையக் கடந்துட்டார். கிடைச்சாச்சுன்னு நம்பி நன்றி சொல்லு" என்றார். எங்கள் சபையில் அது வழக்கம். கைக்கு வருமுன்பே விசுவாசத்தில் நன்றி சொல்லிவிடுவோம். அக்காவும் எழுந்து நின்று சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பெயரை இடப்பக்கத்திலிருந்து அழித்து வலப்பக்கம் எழுதினேன்.

புதன்கிழமை உபவாச ஜெபத்தில் இடது பக்கத்துப் பெயர்களை நான் ஒவ்வொன்றாக வாசிப்பேன். சபை அதை உரக்கத் திருப்பிச் சொல்லும். வலது பக்கத்தை வாசிப்பதில்லை.

சந்தையில் அக்காவை நிறுத்திக் கேட்டார்கள்: "எந்த ஊர்ல இருக்காரு? வேலை கிடைச்சுதா?" அக்கா தக்காளியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "ஆண்டவருக்குத் தெரியும்" என்பார். இன்னும் ஒன்றும் தெரியாது என்று சொன்னால், சாட்சியைத் தானே பொய்யாக்கியதுபோல் ஆகிவிடும்.

அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குக் காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை ஏறினார். ஒரு நாள் நானும் கூடப் போனேன். ஏறும்போது முழுக்க வாய்விட்டு ஜெபித்தார். மேலே போனில் ஒன்றும் வந்திருக்கவில்லை. இறங்கும்போது கோழிக்குச் சோளம் தீர்ந்ததைப் பற்றி மட்டும் பேசினார்.

"இறங்குறப்போ ஜெபிக்க மாட்டீங்களா?"

"பாரத்த மேல ஏத்தி ஆண்டவர்கிட்டக் குடுத்துட்டேன். திரும்பவும் நானே சுமந்துட்டு இறங்கினா எதுக்கு ஏறினேன்?" நாலடி நடந்து மறுபடி போனை எடுத்துப் பார்த்தார். "வாய் அப்படித்தான் சொல்லுது. கை கேக்க மாட்டேங்குது."

ஜெபம் வராத நாட்களில் சபையில் மக்காரியா பாட்டியின் பக்கத்தில் போய் ஒட்டி உட்காருவார். பாட்டியின் பாட்டுக் குரல் கூரையைத் தூக்கும். "அவங்க சத்தத்துல என் வாயசைப்பும் போய்ச் சேந்துடும்" என்பார். காலையில் அடுப்பு பற்றவைக்குமுன் கணவர் பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொல்வார். சபையில் யாரும் சொல்லாததால் அதைத் தொடங்கினாராம்.

நான் தயங்கித் தயங்கிப் பாஸ்டரிடம் போனேன். பெயரைத் திரும்ப இடப்பக்கம் எழுதலாமா என்று கேட்டேன்.

"சாட்சிய அழிக்கச் சொல்றியா மகளே? அவளா வந்து கேட்டாளா?"

"இல்ல பாஸ்டர்."

"அப்ப விடு."

விட்டுவிட்டேன். அடுத்த புதனும் அவர் பெயர் இல்லாமலே வாசித்தேன். பின்வரிசையில் அக்கா எழுந்து வெளியே போனார், வந்தார், மறுபடி போனார்.

மூன்றாவது புதன் காலை, ஆட்கள் வருமுன் நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா மேட்டிலிருந்து நேராக வந்திருந்தார். பாவாடை ஓரத்தில் பனி ஈரம். பாஸ்டர் பெஞ்சுகளை நேராக்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும்படியாகவே அக்கா பேசினார்.

"வலது பக்கத்துல இருக்கிறத அழிக்காத பிள்ள. நான் சொன்ன நன்றி நன்றிதான், அதத் திருப்பி வாங்கல. ஆனா எனக்கு இன்னும் ஒரு சேதியும் வரல. அதனால இடது பக்கத்துலயும் அவர் பேர எழுது. அதுக்குக் கீழ என் பேரையும் எழுது. இன்னைக்கு ரெண்டையும் சத்தமா வாசி."