டர்போ வண்டி விலைபோகாத கதை

என் மாமா ஒரு காரை விற்கப் பார்த்தார், அதை நான் கெடுத்தேன். இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். அன்றைக்கு யாரும் சிரிக்கிற நிலையில் இல்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் சூளைக்குப் பொறுப்பாக இருந்தார். எங்களுக்கு அடுத்த வீடு. அவர் மனைவிக்கு, அதாவது என் அத்தைக்கு, வயிற்றில் குழந்தை தங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதியாக இருக்கட்டும் என்று ஒரு பழைய டீசல் காரை வாங்கிவந்தார். சின்ன வண்டிதான். ஆனால் அதன் பின்பக்கம் சிவப்பு எழுத்தில் ‘டர்போ’ என்று இருந்தது. அந்த எழுத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்காம் வகுப்பு முழுக்க எங்கள் வண்டி பறக்கும், பஸ்ஸெல்லாம் பிச்சை வாங்க வேண்டும் என்று அளந்துகொண்டு திரிந்தேன்.

உள்ளே ஏறிப் பார்த்தால் ஒரு மண்ணும் கிடையாது. என்ஜின் சுற்றுகிற வேகத்தைக் காட்டும் மீட்டர் இல்லை. டயர் ஒல்லி. ஸ்டியரிங் பக்கத்தில் வரிசையாக நான்கு பொத்தான்கள், அதில் மூன்று வெறும் பிளாஸ்டிக் மூடி. விலை கூடிய வண்டியில் அந்த இடத்தில் ஏதாவது வசதி இருக்குமாம். “டர்போவைப் போடு மாமா” என்று நான் நச்சரித்தால், மாமா அந்த வெறும் மூடிகளில் ஒன்றை அழுத்துவார். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணுவார். மூன்று சொல்லி முடிக்கும்போது வண்டி திடீரென்று முன்னால் பாயும். நான் ஓவென்று கத்துவேன்.

அது பொத்தானின் வேலை இல்லை என்று தெரிய எனக்குப் பல வருஷம் ஆனது. என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற அந்தக் காலத்து டர்போ அப்படித்தான். மிதித்தால் உடனே ஒன்றும் நடக்காது, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் இழுக்கும். மாமா காலால் மிதித்துவிட்டு விரலால் நாடகம் ஆடியிருக்கிறார். எப்பேர்ப்பட்ட ஆள்!

வண்டி நின்றதும் என்ஜினை உடனே அணைக்கவும் மாட்டார். ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைத்தால் டர்போவுக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மாமா சூளைக்காரர் அல்லவா, அவருக்கு ஒரு நிமிஷம் போதவில்லை. “சுட்ட சூளைய உடனே தொறந்தா உள்ள இருக்கறதெல்லாம் விரிஞ்சு போயிடும்” என்று பத்து நிமிஷம் ஓடவிடுவார். டீசல் வீணாகிறது என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஏழாம் மாதத்தில் ஒரு காலை அத்தைக்கு முடியாமல் போனது. இங்கே பார்க்க முடியாது, புதுச்சேரிக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாமாதான் ஓட்டினார். அம்மாவும் கூடப் போனாள். அத்தை பிழைத்து வந்தாள், குழந்தை வரவில்லை. “பாப்பா அடுத்த தடவ வரும்” என்று அம்மா என்னிடம் சொன்னாள். ஒரு பஸ் தவறினால் அடுத்த பஸ் வருகிற மாதிரி என்று நானும் சரி என்றுவிட்டேன். நினைத்தால் இப்போது என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு அத்தை ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போனாள். மாதங்கள் போயின, திரும்பவில்லை. “போய் கூட்டிக்கினு வாயேன்டா” என்று அம்மா எத்தனையோ முறை சொன்னாள். மாமாவிடம் ஒரே பதில்தான்.

“இந்த வண்டிய வித்துட்டுத்தான்க்கா போவேன். இதோட அவ மூஞ்சில முழிக்க முடியாது.”

ஆக, அத்தைக்கு வண்டியைப் பிடிக்கவில்லை, வண்டி போனால்தான் அத்தை வருவாள் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். எனக்கு அத்தையும் வேண்டும், வண்டியும் வேண்டும். என்னை யார் கேட்டார்கள்?

ஆனால் அந்த வண்டியை வாங்க ஆள் கிடைக்கவேண்டுமே. முதலில் வந்த இளவட்டம் பின்னால் இருந்த எழுத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டே ஏறினான். இறங்கும்போது அந்தப் பல் தெரியவில்லை. “பேருதான்ணே டர்போ. மீட்டரு இல்ல, சீட்டு சாதா சீட்டு, டயரு சைக்கிள் டயரு மாதிரி இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் பைக்கில் காற்றைப் பிடுங்கிவிட்டிருப்பேன், அம்மா பார்த்துவிட்டாள்.

அடுத்து வந்தவர் கம்மாபுரத்து சார். ரிட்டயர் ஆகப்போகிற வாத்தியார். அவருக்கு நேர் எதிர்க் கவலை. டர்போ என்றால் தறிகெட்டு ஓடுமோ, கெட்டுப்போனால் இங்கே யாருக்குப் பார்க்கத் தெரியும் என்று நூறு கேள்வி. மாமா பொறுமையாகச் சொன்னார்.

“வேகத்துக்கு வச்சது இல்ல சார். சின்ன டீசல் என்ஜினு, மூச்சு பத்தாது. மூச்சு குடுக்கறதுக்கு ஒண்ண வச்சிருக்கான், அவ்ளோதான். சாதாரண வண்டி சார், சாதாரணமா போவும்.”

அது சத்தியமான பேச்சு. இப்போது சின்னக் கார்களில்கூட டர்போ வருகிறது, அதைப் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். அன்றைய சிக்கன வண்டியில் அது குறையை மூடத்தான் இருந்தது. வேகம் தேடுகிறவன் ஏமாந்து போவான், சிக்கனம் தேடுகிறவர் பயந்து போவார். இரண்டு பக்கமும் ஆகாத வண்டி. ஒன்பது வயதில் எனக்கு இந்த நியாயமெல்லாம் ஏறுமா? சாதாரண வண்டி என்று மாமாவே சொன்னது சுருக்கென்று தைத்தது.

சார் ஓட்டினார். மாமா பக்கத்தில், நான் பின்சீட்டில். முன்னால் போன லாரியைத் தாண்ட சார் நன்றாக மிதித்தார். வண்டி அசைந்துகொடுக்கவில்லை.

“இன்னாங்க, இழுக்கவே மாட்டேங்குதே?”

மானம் போகிறதே! இரண்டு சீட்டுக்கும் நடுவில் பாய்ந்து அந்த மூடியை ஓங்கி அழுத்தினேன்.

“பயப்படாதீங்க சார், டர்போ போட்டுட்டேன்! ஒண்ணு, ரெண்டு...”

மூன்று சொல்வதற்குள் வண்டி பாய்ந்தது. “ஐயையோ, எதப் போட்ட?” என்று அலறிய சார் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார். சாலையோரத்தில் பட்டறைகள் கொட்டிவைத்த உடைசல் மேட்டில், காது போன கப்புகளின் மேலும் மூக்கு போன பொம்மைகளின் மேலும் நொறநொறவென்று ஏறி நின்றது. யாருக்கும் அடி இல்லை. முன் டயர் ஒன்று கிழிந்தது. சார் இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே நடந்துபோய், வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மாமா திட்டவில்லை. டயரை மாற்றினார். பிறகு அந்த உடைசல் மேட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அத்தை வராமல் போனால் அது என்னால்தான் என்று அந்த நேரத்தில் தெளிவாகத் தெரிந்தது.

“ஏறு. ஸ்ரீமுஷ்ணம் போலாம்” என்றார்.

அத்தையின் அம்மா வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அத்தை வெளியே வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். மாமா இறங்கினார், ஆனால் வண்டியைவிட்டு ஓர் அடிகூட நகரவில்லை.

“விக்க முடியல. ஒருத்தனும் வாங்க மாட்டேங்கறான்.”

“ஏங்க, வண்டிய எதுக்கு விக்கறீங்க? நான் சொன்னனா?”

மாமா அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். “அன்னிக்கு இது ஓடலியே. வழி பூரா லாரி. ஒவ்வொண்ணயும் தாண்ட மிதிக்கறேன், மிதிக்கறேன், நின்னு யோசிக்குது. பேரப் பாத்து ஏமாந்து வாங்குனேன். வேற வண்டியா இருந்திருந்தா கொழந்த பொழச்சிருக்கும்.”

அத்தை வந்து அவர் கையைப் பிடித்தாள். அம்மா வீட்டு வாசல், தெருவே பார்க்கும், அதையெல்லாம் அவள் யோசித்ததாகத் தெரியவில்லை.

“வண்டியில ஏறும்போதே வயித்துல அசைவு இல்லீங்க. வூட்டுலயே நின்னுபோச்சு. எனக்குத் தெரியும். நீங்க அந்த மிதி மிதிக்கறீங்க, உங்க மொகத்தப் பாத்து நான் எப்படிங்க சொல்லுவேன்? எந்த வண்டி இருந்தும் என்ன பண்ணும்?” என்றாள். பிடித்த கையை விடாமலே, “கூப்புட வருவீங்கன்னு தெனமும் பாத்துக்கினு இருந்தேன். நீங்க வரவே இல்லியே” என்றாள்.

மாமா கார் கூரையில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அத்தை அவர் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் என் காதில் விழுந்தது. அதில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: வண்டியை விற்க வேண்டியதில்லை. அந்தச் சந்தோஷம் தாங்காமல்தான் இரண்டு பேரும் இப்படி அழுகிறார்கள் என்று நினைத்தேன். பெரியவர்கள் ஒரு காருக்காகவா இவ்வளவு அழுவார்கள் என்று கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. ஆனாலும் எனக்கும் அந்த வண்டி என்றால் உயிர் என்று அவர்களுக்குத் தெரியவேண்டுமே என்று, பின்சீட்டில் உட்கார்ந்தபடியே நானும் சத்தமாக அழுதேன்.