பத்தாவது ஆள்

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் மகாதேவிக்கு நாக்கு எழாது. ரேஷன் கடையோ, பஞ்சாயத்து ஆபீஸோ, வரிசையில் கடைசியில் போய் நிற்பாள். முந்திக்கொண்டு போகிறவர்களுக்கு வழியும் விடுவாள். ஆனால் கண் மட்டும் சும்மா இருக்காது. யாரைப் பார்த்தால் ஆபீசர் குரல் இறங்குகிறது, யாரைப் பார்த்தால் ஏறுகிறது என்று பார்த்துப் பார்த்து மனதுக்குள் போட்டுக்கொள்வாள்.

சும்மா வந்த பயமில்லை அது. சிறுபிள்ளையாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவள். மலையில் பேத்துப்பாறைக்கு மேலே ஒரு குடியிருப்பில் கொண்டுவந்து வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "சிலோன் வந்திருக்கா?" என்று கேட்பார். பிள்ளைகள் கொல்லென்று சிரிக்கும். ஐந்தாம் வகுப்போடு அவள் போவதை நிறுத்திவிட்டாள். இந்தியாக்காரர்கள் என்று சொல்லித்தான் அங்கேயிருந்து அனுப்பினார்கள். இங்கே வந்து இறங்கினால் சிலோன்காரர்கள் என்றார்கள். இரண்டு அரசாங்கமும் கூடிப் பேசி ஆடுமாடு மாதிரி ஆளைப் பிரித்தபோது, எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பக்கம் போகும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

அவள் அக்கா ராக்கம்மா அந்தப் பக்கம் நின்றுபோனவள். கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்திருந்தது. ராக்கம்மாவின் கடைசி மகள் சுபஸ்ரீ படிப்பில் கெட்டி. திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்து, பாஸ்போர்ட்டோடு வந்து சேர்ந்தாள். தாத்தா பிறந்த நாட்டுக்கே வெளிநாட்டு மாணவியாக வந்தாள். படிப்பு முடிய ஒரு வருஷம் இருக்கும்போது கொரோனாவின் இரண்டாம் அலை வந்தது. விடுதியைப் பூட்டி, "எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போங்க" என்றார்கள். விமானம் இல்லாத நேரத்தில் அவள் எந்த வீட்டுக்குப் போவாள்? ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மலையேறி, சித்தி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

மகாதேவியும் புருஷன் அழகரும் பூண்டுக் காட்டில் கூலி வேலை. சுபஸ்ரீயும் அவர்களோடு உட்கார்ந்து பூண்டின் காய்ந்த தாளை அறுத்துப் போட்டாள். பக்கத்து வீடுகளில் இருமல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கீழே ஆயக்குடிக்குப் பழம் ஏற்றப் போயிருந்த டிரைவர் ஒருவர் திரும்பி வரவே இல்லை. டவுனில் ஊசி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சுபஸ்ரீ வெள்ளனே எழுந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பினாள்.

"ஆதார் இல்லாட்டி ஏலாதாம் சித்தி. உங்க நாட்டுல போய்ப் போட்டுக்குங்கன்னு சொல்றாங்க."

"பிளேன் விடலயேன்னு சொன்னியா?"

"சொன்னேன். அடுத்த ஆளுன்னு கூப்பிட்டாங்க."

நோய் மட்டும் யாரிடமும் ஆதார் கேட்டு வரவில்லை. மகாதேவிக்குப் பொறுக்கவில்லை, ஆனாலும் மேசைக்கு முன்னால் போய்க் கேட்க அன்றைக்கும் துணியவில்லை.

வைகாசி நடுவில் முகாம் ஊருக்கே வந்தது. பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு, ஐஸ் பெட்டி இறக்கி, ஒலிபெருக்கியில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்டால் கை விளங்காமல் போகும், பிள்ளை தங்காது என்று ஊருக்குள் ஏகப்பட்ட பேச்சு. பாதி ஊர் கேரட் காட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. மத்தியானம் வரை மகாதேவியோடு சேர்த்து ஒன்பது பேர்தான் வந்தார்கள். சுகாதார நிலையத்திலிருந்து பெயர் பதிய வந்த சிவமுருகன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரே ஆளு வேணும். பாட்டில ஒடைச்சா பத்துப் பேருக்குப் போட்டாகணும். ஒண்ணு வீணாப்போனாலும் மேல இருந்து என்னையத்தான் கேப்பாங்க."

"எங்க மாமியார் கார்டு இருக்கு, கொண்டாரவா சார்?" என்றாள் வரிசையில் நின்ற பொன்னுத்தாய். "ஆளு போன மாசமே போய்ச் சேந்துருச்சு. கார்டு பத்திரமா கெடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சிவமுருகனும் சிரித்தார். சிரித்தபடியே அவர் கண் மகாதேவிக்குப் பின்னால் நின்ற சுபஸ்ரீ மேல் விழுந்தது.

"இந்தப் புள்ள யாரு? இதுக்குப் போட்டாச்சா?"

"என்கிட்ட பாஸ்போர்ட் இருக்கு சார்," என்றாள் சுபஸ்ரீ.

"அது இதுல ஏறாதும்மா." அவர் மகாதேவி பக்கம் திரும்பினார். "ஒங்க வீட்டுல வேற பொம்பளப்புள்ள இருக்காக்கா?"

"மக இருக்கா. சத்தியபிரியா. வேடசந்தூர் பக்கம் மில்லுல இருக்கா."

"அதோட கார்டு?"

"வீட்டுல இருக்குங்க."

"அப்புறம் என்ன, வெரசா எடுத்துட்டு வாங்க. பேரப் பின்னாடி மாத்திக்கலாம். நான் மாத்தித் தாரேன்."

சுபஸ்ரீ சித்தியின் கையைப் பிடித்தாள். "இது சரிவராது சித்தி."

மகாதேவிக்கு அதில் தப்பே தெரியவில்லை. கப்பலைவிட்டு இறங்கி மண்டபம் முகாமில் இருந்தபோது அப்பாவின் குடும்ப அட்டையைக் காட்டித்தான் போர்வை வாங்கினார்கள், கஞ்சி வாங்கினார்கள், கடைசியில் இந்த வீட்டையும் வாங்கினார்கள். வழியில் தாய் தகப்பனை இழந்த ஒரு பிள்ளையை அந்த அட்டையில் சேர்த்துக் கூட்டி வந்ததும் உண்டு. அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம் அது. அட்டை என்பது கூரை மாதிரி. கீழே வந்து நிற்கிற பிள்ளையை யாருடைய பிள்ளை என்று கேட்டா நிழல் கொடுப்பார்கள்? அவள் ஓடிப்போய் மகள் கார்டை எடுத்து வந்தாள்.

பாட்டிலை உடைத்தார்கள். சுபஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். மகாதேவியின் போனில் சத்தியபிரியாவுக்கு முதல் ஊசி போட்டாயிற்று என்று செய்தி வந்தது. சிவமுருகன் பத்துப் பேர் என்று எழுதிக்கொண்டு, நிம்மதியாக டீ குடித்தார்.

அதற்குப்பிறகு பெயரை மாற்றக் கேட்டு மகாதேவி இரண்டு தடவை சுகாதார நிலையத்துக்குப் போனாள். ஒரு தடவை அவர் இல்லை. இன்னொரு தடவை இருந்தார், அவள்தான் வாய் திறக்காமல் கடைசியில் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

ஆவணி பிறந்ததும் கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. கல்லூரி திறக்கிறது. ஒரு ஊசியாவது போட்டதற்குச் சான்று இல்லாதவர்களை உள்ளே விட மாட்டார்கள். போன வருஷம் தள்ளிப்போன ஆய்வுக்கூடத் தேர்வை முதல் வாரத்திலேயே நடத்திவிடுவார்கள். அதைத் தவறவிட்டால் சுபஸ்ரீக்கு ஒரு வருஷம் போய்விடும். படிக்க வந்த விசாவும் அதற்குள் முடிந்துவிடும். தோட்டத்தில் கொழுந்து பறித்து அம்மா படிக்கவைத்த படிப்பு பாதியில் நின்றுபோகும்.

"நீ அன்னைக்கே அந்த ஆளு பேச்சக் கேட்டுருக்கக் கூடாது," என்றார் அழகர்.

"இப்ப சொல்லுங்க. அன்னைக்கு எங்க போயிருந்தீங்க?"

அழகர் பீடியைத் தேடினார். அன்றைக்கு அவரும் கேரட் காட்டுக்குள்தான் இருந்தார்.

மறுநாள் மகாதேவியும் சுபஸ்ரீயும் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். நல்ல கூட்டம். காட்டுக்குள் ஒளிந்தவர்கள் எல்லாம் இப்போது ஊசிக்கு அடித்துப் பிடித்து நின்றார்கள். வரிசை நகர்ந்து மேசைக்கு வந்தபோது சிவமுருகன் தலையைத் தூக்காமலே கை நீட்டினார். சுபஸ்ரீ பாஸ்போர்ட்டைக் கொடுத்தாள்.

"வெளிநாட்டுக்காரங்களுக்கு இங்க இல்லம்மா. தள்ளு."

"சார், பாஸ்போர்ட்டுல போடலாம்னு இந்த மாசம் அரசாங்கமே அறிவிச்சிருக்கு. பேப்பர்ல வந்துச்சு."

"பேப்பர்காரன்கிட்ட போய்ப் போட்டுக்க."

பின்னால் ரெண்டு பேர் சிரித்தார்கள். மகாதேவி முன்னால் வந்தாள். "சார், வைகாசியில நீங்கதான போட்டீங்க. பேர மாத்தித் தாரேன்னு சொன்னீங்க."

சிவமுருகன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஒழுங்கா வீட்டுக்குப் போங்க. அடுத்தவ கார்டக் குடுத்து ஊசி போட்டது ஆள்மாறாட்டம். கேசாயிரும். இந்தப் புள்ள வேற ஊர்க்காரி. பிடிச்சு உள்ள வச்சா அப்புறம் நான் பொறுப்பில்ல."

"வாங்க சித்தி, போயிருவோம்," என்று சுபஸ்ரீ கையைப் பிடித்து இழுத்தாள்.

மகாதேவி அசையவில்லை. அந்த ஆள் கேஸ் என்று சொன்னது கூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அன்றைக்கு வாசலைப் பார்த்துப் பார்த்துத் தவித்த முகம் இன்றைக்கு எப்படி இருக்கிறது பார் என்றுதான் பட்டது. பாட்டிலுக்கு ஒரு ஆள் குறைந்தபோது இந்தப் பிள்ளை எந்த ஊர் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. கைதான் வேண்டியிருந்தது. இப்போது கையோடு ஆளும் பெயரும் சேர்ந்து வந்து நிற்கவும் வேற ஊர்க்காரி ஆகிவிட்டாள்.

"சார்," என்றாள் மகாதேவி. அவள் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. "அன்னைக்கு ஒம்பது பேருதான் வந்தோம். பத்தாவது ஆளுக்கு நீங்க நாயா அலைஞ்சீங்க. கார்ட எடுத்துட்டு வான்னு சொன்னது நீங்க. அது கேசுன்னா மொத ஆளா ஒங்க பேர எழுதுங்க. ரெண்டாவதா எம் பேர எழுதுங்க. இந்தப் புள்ள வேணாம்னுதான் சொன்னா."

"ஏய், சத்தம் போடாத."

"போடத்தான் செய்வேன். அங்க நின்ன ஒம்பது பேரும் இன்னும் உசுரோடதான் இருக்கோம். கூட்டியாறேன், கேளுங்க."

"ஆமா சார், நான் இருந்தேன்," என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். பொன்னுத்தாய்தான், இரண்டாவது ஊசிக்கு வந்திருந்தாள். "எங்க மாமியார் கார்டத்தான் நீங்க வாங்கல."

இந்தமுறை சிவமுருகன் சிரிக்கவில்லை.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து டாக்டரம்மா வந்தார். மகாதேவி சொன்னதை முழுக்கக் கேட்டார். பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"பாஸ்போர்ட் வச்சுப் போடலாம்னு ஆர்டர் வந்து ரெண்டு வாரமாச்சே சிவமுருகன். எத்தன பேரத் திருப்பி அனுப்புனீங்க?"

டாக்டரம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவருக்கும் வேலை நிறைய இருந்தது.

"இந்தப் புள்ள பேர்லயே இப்பப் போட்டுர்றோம்மா. வைகாசியில போட்டதுன்னா நாள் சரியாத்தான் இருக்கு, உடம்புக்கு இது ரெண்டாவது. ஆனா கணக்குல முதல் ஊசின்னுதான் ஏறும். காலேஜுக்கு அது போதும்."

"அப்ப அன்னைக்குப் போட்டது?" என்றாள் மகாதேவி.

"அத ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அது உங்க மக பேர்ல ஏறிடுச்சு."

ஊசி போட்டார்கள். சுபஸ்ரீயின் பெயர், பாஸ்போர்ட் எண்ணோடு போனில் வந்தது. அவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அந்த வாரமே கல்லூரிக்குக் கிளம்பிப் போனாள், தேர்வும் எழுதினாள்.

மகாதேவிக்கு ஆறவில்லை. ஊசி போட்டுக்கொண்ட உடம்புக்கு அது கணக்கில் இல்லை. போடாத உடம்புக்குக் கணக்கு இருக்கிறது. தப்பைச் செய்தவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்.

சுபஸ்ரீ போய்க் கொஞ்ச நாளில் சத்தியபிரியா மில்லிலிருந்து பேசினாள்.

"அம்மா, மில்லுல ஊசி போட வந்திருக்காங்க. எனக்கு ஏற்கெனவே ஒண்ணு போட்டாச்சாம், இது ரெண்டாவதுங்கிறாங்க. நான் போடவே இல்லயே? சூப்பர்வைசர் சும்மா போட்டுக்கோ, சர்ட்டிபிகேட் சீக்கிரம் கெடைக்கும்ங்கிறார். என்ன செய்ய?"

மகாதேவி பூண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அழகர், சரியென்று சொல்லிவிடு, வம்பு வேண்டாம் என்று கையாலேயே சாடை காட்டினார். அவள் அவர் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"மொத ஊசி நான் போடலன்னு சொல்லு. இதத்தான் மொதல்னு எழுதச் சொல்லு."

"எப்படி ஏறுச்சுன்னு கேப்பாங்களேம்மா. யாரு பண்ணுனதுன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லு. எங்கம்மா மகாதேவி கார்டக் குடுத்தா, சிவமுருகன்னு ஒருத்தர் பதிஞ்சாருன்னு சொல்லு. ஊர் பேரும் சொல்லு. எழுதிக்கிட்டு என்கிட்ட பேசச் சொல்லு."

"ஒன்கிட்டயாம்மா? நீ பேசுவியா?"

"குடு, இப்பயே பேசுறேன்."

அந்தப் பக்கம் போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. யாரோ ஒரு ஆண் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யாருங்க?" என்றார்.

மகாதேவி தன் பெயரைச் சொன்னாள்.