இழுத்தால்தான் விடும்

அத்தான் செய்த பித்தளைக் கவ்வியை நான் முதன்முதலில் கையில் வாங்கிப் பார்த்தது புரட்டாசியின் கடைசி வெள்ளிக்கிழமை. நாட்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. ஒரு சோப்புக்கட்டி அளவுதான். எதிரெதிரே இரண்டு பற்கட்டைகள், நடுவில் கயிறு போக வழி, பக்கத்தில் விரல் நீள நெம்புகோல். கயிற்றை நம் பக்கம் இழுத்தால் சரசரவென்று வரும். கையை எடுத்தால் பற்கள் கடித்துக்கொள்ளும், இம்மியும் திரும்பிப் போகாது. நெம்புகோலைத் தூக்கினால்தான் பற்கள் விரியும். இப்படி ஒரு வேலைப்பாட்டைக் கோயில் நகைகளில்தான் பார்த்திருக்கிறேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கிறார். ஆடி மாதம் கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாவுக்குப் பூட்டு மாற்றப் போனவர், கொட்டகையில் கவிழ்ந்து கிடந்த பன்னிரண்டடிப் பாய்மரப் படகோடு திரும்பிவந்தார். வீட்டுக்காரருக்கு அது இடத்தை அடைக்கும் சாமான், எடுத்துப்போகச் சொல்லிவிட்டாராம். வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தருகே மினி லாரியைத் தேநீருக்காக நிறுத்தியபோது கூட்டம் கூடிவிட்டது. "எந்தக் கடலுக்கு அப்பு போகுது?" என்று ஒருவர் கேட்க, முகம் மாறாமல் "திண்டுக்கல் கடலுக்குத்தான்" என்றார் அத்தான்.

ஃபைபர் உடல் நன்றாகவே இருந்தது. இரும்பு பூட்டியிருந்த இடமெல்லாம் துரு. ஞாயிறுதோறும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். தேய்ந்த கப்பிகளுக்குப் பதில் புதுக் கப்பிகள், சுக்கானுக்குப் புதுக் கீல், துருப்பிடிக்காத போல்ட்டுகள். காற்றின் இழுப்பில் போல்ட் பிய்த்துக்கொண்டு வரக்கூடாதென்று மேல்தட்டுக்கு அடியில் தகடும் கொடுத்தார். அந்த அடிப்பக்க நட்டைப் பிடிக்க இருந்த பொந்தில் அக்காவின் கை மட்டுமே நுழைந்தது.

"ஏங்க, இந்தப் பொந்துக்குள்ள கைய விடத்தான் என்னையக் கட்டுனீகளா?"

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கே வளையல் அளவு கேட்டேன்ல?"

கவ்வி, பாயின் கயிற்றைப் பிடித்துவைப்பதற்காக. அதைச் சோதிக்கப் பட்டறை விட்டத்தில் ஓர் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு, கயிற்றைக் கவ்விக்குக் கொடுத்தார். இரண்டு நாள் தொங்கியது. கயிற்றில் போட்ட சுண்ணாம்புக் கோடு நகரவில்லை. "பூட்டுன்னா விடக் கூடாது மாப்ள" என்றார். பிறகு இரண்டு ஆட்கள் மூட்டையைத் தோளில் தாங்கிக்கொள்ள, நெம்புகோலைத் தூக்கிக் கழற்றினார். மூட்டையின் கனத்தோடு அது திறக்குமா என்று பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பூட்டுக்காரர்கள் பிடிமானத்தைத்தான் சோதிப்பார்கள்.

அந்தக் கார்த்திகையில் எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. இரண்டாம் ஞாயிறு, காலை ஏழரை மணிக்கு நானும் அத்தானும் படகை இறக்கினோம். எனக்கு நீச்சல் தெரியாது. அக்கா லாரி டியூப் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். ஊரே கரையில் நிற்க, அதை மாட்டிக்கொள்ளக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். கூடவே அத்தான் இருக்கிறார் என்ற தைரியம்.

பாய் விரிந்து படகு தானாக நகர்ந்த அந்தக் கணத்தை எழுத எனக்கு மொழி போதாது. பிறந்ததிலிருந்து கரையிலேயே நின்று பார்த்த தண்ணீர், ஓசையில்லாமல் எங்களுக்கு வழிவிட்டது. மடைக்குப் பக்கத்தில், தண்ணீர் இரண்டு ஆள் ஆழம் நிற்கும் இடத்தில், மலைப்பக்கமிருந்து காற்று திடீரென்று அறைந்தது. படகு என் பக்கம் சாய்ந்தது. கயிற்றைத் தளர்த்தினால் பாய் காற்றை விட்டுவிடும், படகு நிமிரும். அத்தான் நெம்புகோலைத் தூக்கினார். அசையவில்லை. இரண்டு கையாலும் தூக்கினார். விளிம்பைத் தாண்டித் தண்ணீர் என் மடியில் ஏறியது.

"விட மாட்டேங்குது" என்றார். அப்புறம் அவர் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அவ்வளவு சாய்வில், யாரோ பழுதுபார்க்கக் கொண்டுவந்த பூட்டைப் பார்ப்பதுபோல அந்தக் கவ்வியைக் குனிந்து பார்த்தார். இரண்டு மூச்சு நேரம் இருக்கும்.

"மாப்ள, கயித்த இழு."

"இன்னுமா? கவுந்துரும் அத்தான்!"

"இழுத்தாத்தான் விடும். நூலளவு போதும். இழுலே!"

கதவு இறுகித் தாழ் சிக்கிக்கொண்டால், கதவை இன்னும் உள்ளே அழுத்தித்தான் தாழை விலக்க வேண்டும். எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி. கவிழப்போகும் படகை இன்னும் கவிழ்க்கும் பக்கமாக இழுக்கச் சொல்ல ஒரு மனிதருக்கு எவ்வளவு தெளிவு வேண்டும்! கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். படகு மேலும் சாய்ந்தது, என் இடுப்புவரை தண்ணீர். பற்களின் மேலிருந்த பாரம் ஒரு நொடி விலகியது. நெம்புகோல் எழுந்தது. கயிறு என் உள்ளங்கைகளை உரித்துக்கொண்டு ஓடியது. பாய் படபடக்க, படகு நிமிர்ந்து நின்றது.

கரையில் விசிலடித்தார்கள். "நல்லாத்தான் வித்தை காட்டுறீக!" என்று அக்கா கைதட்டினாள்.

அன்று பிற்பகலே அத்தான் அந்த அழகான கவ்வியை அரத்தில் கொடுத்தார். பற்களை மழுக்கினார், நெம்புகோலை நீட்டினார். மறுபடியும் மூட்டையைத் தொங்கவிட்டு, தாங்க யாரையும் நிறுத்தாமல், அக்காவை ஒற்றை விரலால் திறக்கச் சொன்னார். மூட்டை தொப்பென்று விழுந்தது. ஒன்பது முறை விழவைத்தார். அடுத்த ஞாயிறு படகில் அக்காதான் கயிற்றைப் பிடித்தாள்.

இந்த ஆண்டு கண்மாயில் தண்ணீர் இல்லை. போன மாதம் நானும் அக்காவும் அதன் நடுவே குறுக்குவழியாக நடந்து வந்தோம். மடையருகே நின்று, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அன்னைக்குக் கவுந்திருந்தாலும், அத்தான் என்னைய இழுத்துக்கிட்டு நீந்தியிருப்பாருக்கா."

அக்கா நின்றுவிட்டாள். "அவருக்கு ஏதுலே நீச்சல்? கெணத்துல ரெண்டு படி எறங்கக்கூட என் கையத்தான் பிடிப்பாரு."

தண்ணீர் நின்ற தடம் மடையின் கல்லில் வெள்ளையாகத் தெரிந்தது. கழுத்து வலிக்கும்வரை அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.