நம்பர் இல்லாத ஆள்

வண்டி கிளம்புவதற்கு முன்னால் அத்தான் பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டார். சாவியில் கையை வைத்துக்கொண்டு "ம்" என்பார். உடனே பின்னாலிருந்து "ஒண்ணு" என்று அவள் சொல்ல வேண்டும். அதன் பிறகு ரெண்டு, மூணு என்று வரிசையாகப் பதினொன்று வரை குரல் வந்தால்தான் சாவி திரும்பும். வாயில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினால் செல்லாது. கைக்குழந்தைக்குப் பதிலாக அதன் தாய் சொல்லலாம், அந்த ஒரு சலுகைதான். வழியில் பெட்ரோல் போட இரண்டு நிமிடம் நிறுத்தினாலும், யாருமே இறங்காவிட்டாலும், மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்த அத்தான் அவளுடைய அக்காவின் கணவர். முப்பத்தொரு வருஷம் தொலைதூரப் பேருந்து ஓட்டிவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றவர். அவளோ வீட்டின் கடைக்குட்டி. வயது நாற்பத்து நாலு, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள், ஆனாலும் அக்காவுக்கும் அண்ணனுக்கும் இன்னும் "சின்னது"தான். வருஷத்துக்கு ஒரு தடவை, பள்ளி விடுமுறையில், மூன்று குடும்பமும் சேர்ந்து பதினாலு சீட் வேன் ஒன்றை வாடகைக்கு எடுக்கும். ஏழு மணி நேரம் போனால் ஒரு ஏரிக்கரை வீடு. அங்கே ஐந்து நாள். ஓட்டுவது எப்போதும் அத்தான். வண்டி ஓட்டித்தான் சின்னது பிழைக்கிறாள் என்றாலும், வேறு யாராவது ஓட்டலாமே என்று அவள் உட்பட யாருக்கும் தோன்றியதில்லை.

நம்பர் வந்த கதை எல்லோரும் அறிந்ததுதான், என்றாலும் ஒவ்வொரு பயணத்திலும் யாராவது எடுத்துவிடுவார்கள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் வழியில் ஒரு டீக்கடையில் அவள் கை கழுவப் பின்பக்கம் போனாள். திரும்பி வந்து பார்த்தால் வண்டியும் இல்லை, குடும்பமும் இல்லை. போன் வண்டியிலேயே பையில் கிடந்தது. கட்டின கணவர் அந்த நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பின் சீட்டில் படுத்திருப்பாள் என்று அக்கா நினைத்துக்கொண்டாளாம். இருபது கிலோமீட்டர் தாண்டிய பிறகு அண்ணிதான், "என்ன, சின்னது சத்தத்தையே காணோம்?" என்றாளாம். வாய் ஓயாதவள் என்று பேர் எடுத்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது என்று அவள் இன்றும் சொல்லிக்கொள்வாள்.

வண்டி திரும்பி வந்ததும் ஒருத்தர் மேல் ஒருத்தர் பழியைப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். அத்தான் மட்டும் நேராக அவளிடம் வந்து, டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, "ஓட்டுறவன் நான். என் தப்பு," என்றார். அதற்கு மேல் சாக்குப்போக்கு ஒரு சொல் கிடையாது. அங்கேயே நின்று எல்லோருக்கும் நம்பர் போட்டார். "உன்னை விட்டுட்டுப் போயிட்டேன். அதனால நீதான் ஒண்ணு. ஒண்ணு வராம ரெண்டு கிடையாது."

ரெண்டு, அக்கா. அப்போது ஏழு பேர் இருந்தார்கள். அப்புறம் பிள்ளைகள் பிறந்து எட்டும் ஒன்பதும் ஆனார்கள். அக்கா மகளுக்குக் கல்யாணமானதும் மாப்பிள்ளை பத்து, இந்த வருஷம் அவர்களுடைய கைக்குழந்தை பதினொன்று. முதல் பயணத்தில் பாவம், மாப்பிள்ளை கூச்சப்பட்டு முனகலாகச் சொல்லிவிட்டார். "கேக்கல, மாப்பிள்ளை," என்றார் அத்தான். மூன்று தடவை சொல்லவைத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் ஓட்டுவதில் ஒரு கண்ணியம் இருக்கும். ஒருமுறை நடுவழியில் பேருந்தில் ஒரு பெண்ணுக்கு வீட்டிலிருந்து சாவுச் செய்தி வந்தது. பாட்டை நிறுத்தினார். பெரிய சாலையை விட்டுப் பேருந்தைத் திருப்பி, அந்தப் பெண்ணின் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் இறக்கினார். பயணிகள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நிர்வாகம் மட்டும் திறந்தது: அனுமதியில்லாமல் பாதை மாற்றியதற்குக் கண்டனக் கடிதம். அதை நான்காக மடித்து லைசென்ஸ் உறைக்குள் வைத்திருக்கிறார். அவருக்குக் கொடுத்த பாராட்டுப் பத்திரங்கள் எங்கே கிடக்கின்றன என்று அவருக்கே தெரியாது.

இப்படிப்பட்டவர் ஏரிக்கரை வீட்டில் கால் வைத்ததும் ஆளே மாறிவிடுவார். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு தண்ணீரில் காலை விட்டு உட்காருவார். அதற்கு மேல் இறங்க மாட்டார், நீச்சல் தெரியாது. சீட்டாட்டத்தில் வெட்கமில்லாமல் அழுகுணி ஆட்டம் ஆடுவார். சாப்பிட்ட பாத்திரம் முழுவதும் அவர் கையில்தான். யாராவது உதவிக்கு வந்தால், "லீவுல வந்திருக்கீங்க, போய் உக்காருங்க," என்று விரட்டுவார். அண்ணன் நாளைக்கு ஒரு தடவை அரசியல் பேசுவார், அக்கா இரண்டு தடவை தூங்குவாள். யாரும் யாரையும் எங்கேயும் கூப்பிட மாட்டார்கள். சின்னதுக்கு வருஷம் முழுவதும் அந்த ஐந்து நாளை நினைத்துத்தான் ஓடும்.

இந்த வருஷம் கிளம்பும்போதே ஏதோ இடித்தது. எப்போதும் இருட்டோடு கிளம்புகிறவர், "நல்லா விடிஞ்சு கிளம்பலாம், என்ன அவசரம்?" என்றார். வயதாகிறது, நிதானம் வந்துவிட்டது என்று அக்காவுக்கு மகிழ்ச்சி. ஊர் எல்லை தாண்டியதும் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு சொல்லிக்கொடுத்தார். வலப்பக்கம் நம்மைத் தாண்டிப் போக வருகிற வண்டியின் நிறத்தை, அது தாண்டுவதற்கு முன்னாலேயே கத்த வேண்டும். முதலில் கத்தியவருக்கு ஒரு புள்ளி. அண்ணன் மகன் ஜன்னலில் ஒட்டிக்கொண்டான். "மாமா, சிவப்பு! மாமா, வெள்ளை லாரி!" வண்டி முழுக்க ஒரே கூச்சல். பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

இடப்பக்கம் உட்கார்ந்திருந்த சின்னதின் மகளுக்குத்தான் கோபம். "பெரியப்பா, எங்க பக்கம் மட்டும் ஏன் கேம் இல்ல?"

அத்தான் சிரித்தார்.

சின்னது நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளும் ஓட்டுகிறவள்தானே. அதன் பிறகு விளையாட்டில் அவள் காது போகவில்லை, அவர் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். வலது கண்ணாடியைப் பார்க்க, முன்பெல்லாம் கண்ணை மட்டும் நகர்த்துகிறவர், இப்போது தோளோடு சேர்த்துத் திருப்பினார். பிள்ளைகள் கத்திய வண்டி தாண்டிப் போகும் வரை வலப்பக்கம் அவர் ஒதுங்கவே இல்லை. ஏழு மணி நேரப் பாதை ஒன்பது மணி நேரம் ஆனது.

ஏரிக்கரையில் மூன்று நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய வலது கைப்பக்கம் இருந்த டம்ளர் இரண்டு தடவை கீழே விழுந்தது. "கை நடுங்குது, கிழவனாயிட்டேன்," என்று அவரே கேலி செய்துகொண்டார். அக்காவிடம் சொன்னால் அழுது ஊரைக் கூட்டுவாள். அண்ணனிடம் சொன்னால் எல்லோர் முன்னாலும் வகுப்பு எடுப்பார். சொல்லாமல் விட்டால், திரும்பிப் போகிற வண்டியில் பதினோரு பேர், அதில் ஒன்று பல் முளைக்காத குழந்தை. சாவியை வாங்க வேண்டும். ஆனால் முப்பத்தொரு வருஷம் ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவரிடம் கையை நீட்டி எப்படிக் கேட்பது? வாய் ஓயாதவளுக்கு வார்த்தை வரவில்லை.

நாலாம் நாள் காலை அவர் ஏரிக்கரைப் பலகையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவள் போய் அவருடைய வலப்பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டிருந்தார். ஒரு சரணம் முடிந்து அடுத்தது ஆரம்பித்தது. அவள் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

"அத்தான்," என்றாள்.

தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. "எப்ப வந்தே?"

"வந்து ரொம்ப நேரமாச்சு."

அவர் அவளைப் பார்த்தார். அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்பதையும் பார்த்தார். அப்புறம் மடித்துவிட்ட பேன்ட்டை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

"வலது கண்ணுல ஓரமா வர்றது எதுவும் தெரியறதில்ல," என்றார். "போன பார்வை இனி திரும்பாதாம். போன மாசமே டாக்டர் ஓட்டக் கூடாதுன்னுட்டார்."

"தெரிஞ்சுமா ஓட்டினீங்க?"

"ஒரே ஒரு தடவைன்னு ஆசைப்பட்டேன். எல்லாரையும் ஏத்திக்கிட்டு, கடைசியா."

"உங்க ஆசைக்கு எம்பொண்ணு இருந்த வண்டிதான் கெடைச்சுதா, அத்தான்?" கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே அழுகை வந்துவிட்டது. அவரிடம் அவள் இப்படிக் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை.

"என் தப்பு," என்றார், டீக்கடையில் சொன்ன அதே குரலில்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "விடுங்க. இடுப்பு வலின்னு சொல்லிருங்க. நான் ஓட்டிடறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

"இடுப்பு நல்லாத்தானே இருக்கு?"

"அத்தான்!"

"சாவியை நாளைக்குக் காலையில தர்றேன். எல்லார் முன்னாடியும் தர்றேன். ஏத்திக்கிட்டு வந்தவங்ககிட்ட சொல்லணுமில்ல."

அவளுக்கு நம்பிக்கை இல்லை. இரவெல்லாம் புரண்டாள். எந்த மனுஷனால்தான் முடியும்?

மறுநாள் காலை பெட்டிகளெல்லாம் ஏற்றியாகிவிட்டது. அத்தான் வண்டியின் முன்னால் வந்து நின்று எல்லோரையும் கூப்பிட்டார். டாக்டர் சொன்னதைச் சொன்னார், விளையாட்டு எதற்காக என்பதைச் சொன்னார். "தெரிஞ்சுக்கிட்டேதான் உங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு வந்தேன். ஓட்டுனவன் நான். என் தப்பு." அவள் இத்தனை வருஷம் அவரை ஓட்டுவதற்காக மதித்திருந்தாள். இறங்கி நின்ற அந்த ஐந்து நிமிடத்தில் அவர் அதைவிட எவ்வளவோ உயரத்துக்குப் போய்விட்டார்.

அண்ணன் வகுப்பெடுக்க வாயைத் திறந்தார், அண்ணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அக்கா, "கண்ணுக்குச் சொட்டு மருந்து மட்டுந்தான் குடுத்தாங்கன்னு எங்கிட்ட சொன்னீங்களே," என்று ஆரம்பித்து முடிக்காமல், அவருடைய வலப்பக்கம் போய் நின்றுகொண்டாள். அவர் சாவியைச் சின்னதின் உள்ளங்கையில் வைத்தார். "மூணாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பாத்துக்கோ," என்றார்.

பின்னால் ஏறியவருக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. தலையைக் குனிந்தபடி கொஞ்ச நேரம் நின்றார். இரண்டாம் வரிசையில் ஜன்னலோரம், அவள் வழக்கமாக உட்காரும் இடம் காலியாக இருந்தது. அங்கே உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாத கைகள்.

அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நாலு டயரையும் தட்டிப் பார்த்து, ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்தாள். சாவியில் கை வைத்தாள்.

"ம்."

பின்னாலிருந்து "ஒண்ணு" வரவில்லை.

"ரெண்டுலேர்ந்து ஆரம்பிக்கலாமே," என்றார் அண்ணன்.

"ஒண்ணு வராம ரெண்டு கிடையாது," என்றாள் அவள். கண்ணாடியில் அத்தானையே பார்த்தாள்.

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். "எனக்கு ஏதும்மா நம்பர்? எனக்கு நம்பரே போடலியே."

"இப்பப் போட்டாச்சு. உங்கள எங்கேயும் விட்டுட்டுப் போகக் கூடாதில்ல? அதனால நீங்கதான் ஒண்ணு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உதட்டளவில், "ஒண்ணு," என்றார்.

கடைசி வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "கேக்கல, மாமா."

முதலில் சிரித்தது அத்தான்தான். சிரிப்போடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மொத்த ஏரிக்கும் கேட்கிற மாதிரி, "ஒண்ணு!" என்றார்.

"ரெண்டு," என்றாள் அக்கா, அவர் கையைப் பிடித்துக்கொண்டு.