உப்பள மண்ணும் பப்ஸ் பெட்டி பல்பும்

உப்பள வரப்பில் முளைக்கும் உமரிச் செடியின் வேரடி மண்ணில் என்னென்ன சிற்றுயிர்கள் இருக்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சித் தலைப்பு. என் கைடு நண்டு ஆராய்ச்சிக்காரர். ஊரே கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்க, நான் மட்டும் மண்ணைக் கிளறுவது அவருக்குப் பொறுக்கவில்லை.

“உப்புக்குள்ள என்னம்மா உயிர் இருக்கும்? திங்கக்கிழமை ஒண்ணே ஒண்ணைக் காட்டுங்க. இல்லேன்னா பேசாம நண்டுக்கு மாறிருங்க” என்று சொல்லிவிட்டார். எனக்கு நண்டைக் குழம்பில் மட்டும்தான் பிடிக்கும்.

வீட்டில் ஒரு புனல் வைத்திருந்தேன். அதன் மேல் சல்லடை, சல்லடையில் மண், மண்ணுக்கு மேலே பல்பு. சூடு தாங்காமல் உள்ளே இருப்பவை கீழே இறங்கி, அடியில் உள்ள குப்பியில் விழ வேண்டும். ஒரு வாரமாக ஒன்றும் விழவில்லை.

என் கணவர் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்ட். “ஏளா, நாங்க கப்பல் கப்பலா சரக்கு இறக்குதோம். உனக்கு ஒத்தப் பூச்சி இறங்க மாட்டேங்குதே” என்று கிண்டலடித்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று ரசம்கூட வைக்கவில்லை.

சனிக்கிழமை மாலை வெறுத்துப்போய், எரிந்துகொண்டிருந்த பல்பைக் கழற்றக் கை வைத்தேன். வைத்த கையை எடுக்கத் தோன்றவில்லை; அவ்வளவுதான் சூடு. எல்.இ.டி. பல்பு! உள்ளே இருப்பவற்றை வெளியேற்றுகிறேன் என்று, விளக்குப் போட்டுச் சொகுசாகக் குடிவைத்திருக்கிறேன்! எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஆனால் பழைய குண்டு பல்பு எந்தக் கடையிலும் இல்லை. தெருமுனை பேக்கரியில், பப்ஸ் ஆறாமல் இருக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்று எரிந்தது.

“அண்ணாச்சி, அந்த பல்பைக் கொஞ்சம் தாங்களேன்.”

“பப்ஸு ஆறிப்போகும்லா?”

“பப்ஸ் பூராவும் நானே வாங்கிக்கிடுதேன்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நாளைக்குக் கடை லீவு. திங்கக்கிழமை காலைல பல்பு வந்திரணும்” என்று துணியால் பிடித்துக் கழற்றித் தந்தார். அன்றிரவும் மறுநாளும் எங்களுக்குப் பப்ஸ்தான் சாப்பாடு.

செத்த பூச்சியைக் கைடு நம்பமாட்டார் என்று, குப்பியில் ஸ்பிரிட்டுக்குப் பதில் ஈரத் தாளை வைத்தேன். ஞாயிறு மத்தியானம் ஒன்று விழுந்தது. வெள்ளை நிறம், கடுகில் பாதி. லென்ஸில் பார்த்தால் ஆறு கால், இரண்டு உணர்கொம்பு, வயிற்றுக்கு அடியில் மடக்கிய கவை. அந்தக் கவையைத் தரையில் அடித்து ஒரே துள்ளு! ஸ்பிரிங்டெயில்! வாலே ஸ்பிரிங்கான மண்பூச்சி! நான் போட்ட கூச்சலில் கரண்ட் அடித்துவிட்டதோ என்று கணவர் ஓடிவந்தார். அவரையும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன்.

திங்கள் காலை பல்பை பேக்கரியில் கொடுத்துவிட்டு, குப்பியோடு கைடு முன்னால் நின்றேன். அதைத் தட்டில் தட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. திடீரென்று, “ஐயோ!” என்றார். துள்ளிவிட்டது.

“அசையாதீங்க, மிதிச்சிராதீங்க!” என்று அலறிக்கொண்டு, செல்போன் டார்ச்சோடு மேசைக்கு அடியில் முட்டிபோட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சிரிக்காதீங்கம்மா, நெசமாவே இருந்துச்சு. நான் என் கண்ணால பார்த்தேன்” என்று என்னிடமே சாதித்தார்.