மூன்றாம் பக்கத்தில் இருந்த 'வேண்டாம்'

அந்தப் பன்னிரண்டு வீட்டுக் கட்டடத்தில் யாருக்கு வைஃபை நின்றாலும் முதலில் கதவைத் தட்டுவது மூன்றாம் மாடி 'டவர்' அக்காவிடம்தான். கம்பெனிக்காரனுக்குப் போன் போடுவதெல்லாம் அப்புறம். அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது அவள் அண்ணன். பதினாறு வயதில் ஒரு பழைய ரேடியோவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி வந்தவளைப் பார்த்து, "ஏன்டி, நீ என்ன டவரா?" என்று கேட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுக்கு வயது ஐம்பத்தொன்று.

புதிதாக ஒரு ஆப் வந்துவிட்டால் அதை நோண்டிப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. மேசையின் கீழ் இழுப்பறையில் மற்ற பெண்கள் நூல்கண்டு வைப்பதுபோல ஒயர்களைச் சுருட்டி, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி வைத்திருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். "இவ கழுத்துல எவன் தாலி கட்டுறது, ஹெட்போன்தான் எப்பவும் தொங்குதே" என்பார் அண்ணன். வேலையும் ஹெட்போன் வேலைதான். குடிநீர் அலுவலகத்தில் புகார் பிரிவு. எட்டு மணி நேரமும் ஊரார் திட்டுவதைக் குறுக்கே பேசாமல் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அண்ணன் முப்பத்து நான்கு வருடம் பஸ் கண்டக்டர். அவர் "உள்ள போ, உள்ள போ" என்று ஒரு குரல் கொடுத்தால் கடைசி சீட்டில் தூங்குகிறவன்கூட எழுந்து உள்ளே போவான். மனைவி போய்ச் சேர்ந்து, மகளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு தங்கையோடு வந்து தங்கினார். இரண்டு பேருக்கும் சண்டை போடாத நாள் கிடையாது. டிவி சத்தத்துக்கு ஒரு சண்டை, ஜன்னல் கதவுக்கு ஒரு சண்டை. அது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது, பிடித்தும் இருந்தது.

ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே அடியில் போயின. வாயிலிருந்து "தா, தா" என்ற சத்தம் மட்டும் மிஞ்சியது. எழுத்தும் பிடிபடவில்லை.

"தலையாட்டுறதை நம்பாதீங்க" என்றார் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண். "ஆமாக்கும் இல்லைக்கும் ஒரே மாதிரிதான் ஆட்டுறார். விரலால தொட்டுக் காட்டினா அதை நம்பலாம்."

டவருக்கு இது போதாதா? பதினைந்து நாளில் ஒரு டேப்லெட்டைப் பேசும் பலகையாக மாற்றிவிட்டாள். படத்தைத் தொட்டால் அது பேசும். ஆண் குரல் வேண்டுமே என்று அலுவலக டிரைவரைப் பிடித்துப் பேச வைத்தாள். அவர் பரம சாது. "தண்ணி வேணுங்க" என்று அவர் குரலில் கண்டக்டர் கேட்டபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். முதல் பக்கத்தில் சரி, தண்ணி, வலி, பாத்ரூம், டிவி, தூக்கம். இரண்டாம் பக்கத்தில் சாப்பாடு, துணி. மூன்றாம் பக்கத்தில் மற்றவை. அண்ணன் வழி தெரியாமல் எங்காவது மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று பத்து வினாடி தொடாமல் இருந்தால் பலகை தானாக முதல் பக்கத்துக்குத் திரும்பும்படியும் செய்தாள். அவர் எந்தச் சொல்லைத் தொட்டாலும் அது தொட்ட நேரத்தோடு அவள் போனுக்கு வந்துவிடும். மதியச் சாப்பாட்டின்போது அதைத் திறந்து, "பாருங்க, பதினொன்னு இருபதுக்குத் தண்ணி கேட்டிருக்கார்" என்று எல்லோரிடமும் காட்டுவாள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

நான்கு மாதம் ஓடியது. ஒருநாள், பார்த்துக்கொள்ள வரும் பெண் சொல்லாமல் சீக்கிரம் கிளம்பிவிட, கண்டக்டர் கட்டிலிலிருந்து விழுந்து இரண்டு மணி நேரம் தரையில் கிடந்தார். அதைக் கேட்டு மகள் போனிலேயே அழுதாள். ஊர் எல்லையில் ஒரு பராமரிப்பு இல்லம் இருப்பதாகவும், ராத்திரி பகல் நர்ஸ் இருப்பதாகவும் சொன்னாள்.

"அத்தை, நீங்களும் எவ்வளவுதான் பார்ப்பீங்க? ஆனா அப்பா வாயால சொல்லணும். அவர் சரின்னாதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் மகள், கட்டில் பக்கத்தில் தங்கை, அண்ணன் மடியில் பலகை. மகள் விஷயத்தைச் சொல்லி, "போறீங்களாப்பா?" என்று கேட்டாள். அவர் பலகையைப் பார்த்தார். இடது கை மெதுவாக எழுந்தது, தடவியது, நின்றது, மறுபடி தடவியது. அவர் யோசிக்கிறார் என்று இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள். டவர் திரையில் அவர் மகள் முகத்தைப் பார்ப்பதும் அண்ணன் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள், பலகையைப் பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்து டிரைவரின் குரல், "சரிங்க" என்றது.

அவர் கண்ணில் நீர் வழிந்தது. "நமக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு நினைக்கிறார் அத்தை, பாவம்" என்றாள் மகள். டவரும் அப்படித்தான் நம்பினாள். அந்த வாரமே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

இல்லம் சுத்தமாக இருந்தது. நர்ஸும் நல்ல மாதிரி. இரண்டாவது ஞாயிறு டவர் போனபோது அந்த நர்ஸ்தான் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா இது, உங்க பலகை? அவர் ரெண்டு பக்கம் திருப்புறாரு, கையைத் தூக்குறதுக்குள்ள அது மறுபடியும் முதலுக்கே ஓடிடுது. நானே நாலு தடவை பார்த்துட்டேன்."

பலகையில் கோளாறு என்றதும் டவருக்குச் சுருக்கென்றது. நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து திறந்து பார்த்தாள். பேசிய சொற்கள் மட்டும்தான் அவள் போனுக்கு வரும். பக்கம் திருப்புவதெல்லாம் உள்ளே வேறொரு இடத்தில் பதிவாகும். அவளே செய்து வைத்த ஏற்பாடுதான். அதை அவள் இதுவரை திறந்ததே இல்லை. எந்த நாளைத் தேடுகிறோம் என்று தெரியாமலே விரல் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது.

பத்து நாற்பத்திரண்டு, இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். நேரம் முடிந்தது, முதல் பக்கம். பத்து நாற்பத்து மூன்று, இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். நேரம் முடிந்தது. அதே மாதிரி இன்னும் நான்கு தடவை. கடைசி வரி, பத்து நாற்பத்தொன்பது: சரி.

மூன்றாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவள் பார்க்கத் தேவையில்லை. 'வேண்டாம்' இருந்தது. தேவைகளை எல்லாம் முன்னால் வைத்துவிட்டு மறுப்பைக் கடைசியில் தள்ளியவள் அவள்தான். தினம் இருநூறு பேருடைய புகாரைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறவள், சொந்த அண்ணன் முடியாது என்று சொல்லக் கைக்கெட்டும் ஓர் இடம் வைக்கவில்லை. ஆறு தடவை அவர் ஏறிப் போயிருக்கிறார், ஆறு தடவையும் அவள் இறக்கி விட்டிருக்கிறாள். அவளால் தாங்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அந்த பெஞ்சிலேயே அழுதாள்.

பிறகு அங்கேயே 'வேண்டாம்' என்பதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். அந்தப் பத்து வினாடியை அழித்தாள். உள்ளே போய் அண்ணன் மடியில் பலகையை வைத்தாள்.

"அண்ணா, அன்னைக்கு நீ என்ன சொல்ல வந்தேன்னு இப்பதான் பார்த்தேன். தப்பு என்னோடது. மறுபடியும் கேக்குறேன். நீ இங்க இருக்கியா?"

அவர் கை எழுந்தது. இந்த முறை டவர் அந்த விரலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேண்டாங்க" என்றது டிரைவரின் குரல்.

அண்ணன் மகளிடம் சொன்னபோது அவள் முதலில் கத்தினாள், பிறகு விம்மினாள். அலுவலகத்தில் தலைகீழாக நின்று, வீட்டிலிருந்தே புகார் எடுக்க டவர் அனுமதி வாங்கினாள். பத்தாம் நாள் கண்டக்டர் தன் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார்.

வந்தாரே ஒழிய, தங்கையிடம் எதையும் கேட்கவில்லை. துணைக்கு வரும் பெண் இருந்தால் தண்ணி என்று தொடுவார். டவர் அறைக்குள் வந்தால் கையை மடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். அவளாகக் கொடுத்தால் குடித்தார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு வாரம் அப்படியே போயிற்று. குற்றம் செய்தவள் போல அவள் வளைய வந்தாள். குற்றம் செய்தவள்தானே.

எட்டாம் நாள் டிரைவருக்குப் போன் போட்டாள். "இன்னும் ஒரே ஒரு வார்த்தை பேசித் தரணும். 'எனக்கு உன்மேல கோபம்.' பணிவா வேண்டாம், சத்தமா."

"யார் மேலக்கா?"

"என் மேலதான்."

அந்த மனுஷன் மூன்று தடவை மெதுவாகப் பேசி, நான்காம் தடவை கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்.

மறுநாள் மதியம், புகார் அழைப்புகளுக்கு நடுவே, அந்தப் பொத்தானைச் சிவப்பில் முதல் பக்கத்தில் வைத்து அவர் முன்னால் நீட்டினாள். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.

அவர் தொட்டுப் பார்த்தார். "எனக்கு உன்மேல கோபம்!" என்று அறை அதிர்ந்தது. அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. அவளை நேராகப் பார்த்தார், வீடு வந்த பிறகு முதல் தடவையாக. மறுபடி தொட்டார்.

"தெரியும்ணா" என்றாள்.

மறுபடி. மறுபடி. அவர் முகம் சிவந்தது, தொண்டையிலிருந்து "தா, தா" என்று தன் சொந்தக் குரலும் கூடவே வந்தது. அவள் குறுக்கே பேசவில்லை. கண்ணீரைத் துடைக்கவும் இல்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ் வீட்டுப் பெண் பதறிப்போய் நின்றிருந்தாள். "என்னக்கா சத்தம்? யாரு வந்து திட்டிட்டு இருக்கறது?"

"யாரும் வரலம்மா" என்றாள் டவர். "எங்க அண்ணன் பேசிட்டிருக்காரு."