ரெண்டு றெக்கையா, நாலு றெக்கையா

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை. எதிரே லாரி வந்தாலும் அசரமாட்டார். ஆனால் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட ஏதாவது ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டால் போச்சு! வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி ஓட்டம் பிடிப்பார். பயணிகள் பாட்டுக்கு முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சின்ன வயசில் குளவி துரத்தியதாம். துரத்தியதோடு சரி, கொட்டக்கூட இல்லை.

இரண்டு முறை இப்படி ஓடினார். டெப்போ மேனேஜர் கூப்பிட்டு, "இன்னொரு தடவை வண்டியை விட்டு இறங்கினீங்கன்னா ஸ்டியரிங்கை மறந்துடுங்க. வண்டி கழுவத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மனுஷன் சாப்பிடவே இல்லை. வண்டி ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது.

நான் பூச்செடி விற்கிறவள். என் பிழைப்பே பூச்சிகளோடுதான். மறுநாள் காலையிலேயே அவரைச் செடிகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினேன்.

"கோடு போட்டதெல்லாம் தேனீ இல்லைங்க. அந்தரத்துல அப்படியே நிக்குதே, அது ஈ. சும்மா வேஷம் போடுது, கொட்டாது. ஈக்கு ரெண்டே றெக்கை. தேனீக்கும் குளவிக்கும் நாலு."

"ரெண்டுன்னா ஈ, நாலுன்னா ஓட்டம். அவ்வளவுதானே?"

"முழுசாக் கேளுங்க! தேனீ முன் றெக்கையையும் பின் றெக்கையையும் கொக்கி மாதிரி கோத்துக்கும். பார்த்தா ரெண்டுதான் தெரியும். அதனால மூஞ்சியைப் பாருங்க. ஈக்கு தலை முழுக்கக் கண்ணு, உணர்கொம்பு துளியூண்டு. தேனீக்கு நீளமா, முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். குளவிக்கு இடுப்பு..."

"அதான் தெரிஞ்சு போச்சே!" என்று கிளம்பிவிட்டார். பாதி கேட்டால் போதும் அவருக்கு. கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்துதான்.

அடுத்த வாரம், கடைக்குக் கொடுக்க வேண்டிய செடிகளோடு அவர் வண்டியிலேயே முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். சிக்னலில் வண்டி நின்றது. கோடு போட்ட ஒன்று என் மடியிலிருந்த பூவை விட்டுக் கிளம்பி, நேராகப் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தது. அவர் கை கதவுப் பக்கம் போயிற்று. அப்புறம் என்ன நினைத்தாரோ, குனிந்து உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு றெக்கை! ஈ!" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி அறிவித்தார்.

நானும் எட்டிப் பார்த்தேன். உணர்கொம்பு நீளமாக மடங்கியிருந்தது. அட கடவுளே, தேனீ! சொன்னால் மனுஷன் குதித்துவிடுவார், ஸ்டியரிங் போய்விடும். சொல்லாவிட்டால் கொட்டு வாங்குவார். வாயை மூடிக்கொண்டேன்.

"போ அந்தப் பக்கம்" என்று விரலால் தட்டினார். கொட்டிவிட்டது.

மீசை துடித்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. பச்சை விளக்கு விழுந்து, பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். அவர் சீட்டை விட்டு எழவில்லை. கியரைப் போட்டார்.

"ஏய், ஈ கொட்டுமா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"ரோட்டைப் பாருங்க" என்றேன்.

கடைசி ஸ்டாப்பில், விரலில் தைத்து நின்ற கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்துக் காட்டினேன். "தேனீங்க. நான் அப்பவே பார்த்துட்டேன்." திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். அவரோ வீங்கிய விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப வலிக்குதாங்க?"

"வலிக்குது. ஆனா இவ்வளவுதானா? இதுக்காடி நான் இத்தனை வருஷம் ஓடினேன்?"